பெறாமகளுக்கு ஒரு மெக்சிக்கோப் பெயர்

என் தங்கை தன் மகளுக்கு மெக்சிக்கோப் பெயர்தான் வைக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிஞ்ஞோரா எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெட்டினால் கண் எரியாது என்று புத்தி சொன்னார். வெங்காயத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆத்திரம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும், பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

"உனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். "எங்கடை பேர் எல்லாம் முடிஞ்சு போச்சே?"

"இல்லை அக்கா. இவரின்ரை ஊரிலை வடிவான பேர் கனக்க இருக்கு. பின்னேரம் வாவன், கதைப்பம்" என்றாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

இதில் உனக்கென்ன இவ்வளவு கொதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தாலியில், இந்தப் பலேர்மோவில், என் பெயர் மரியா. நானாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. வேலைக்குப் போன முதல் நாள் சிஞ்ஞோரா என் பெயரைக் கேட்டார், சொன்னேன். திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன். "கடவுளே, என்ன நீளம்!" என்றார். எனக்கு முன் அங்கே வேலை செய்த மொரீசியஸ்காரியை மரியா என்றுதான் கூப்பிட்டாராம், வாய் பழகிவிட்டதாம், என்னையும் அப்படியே கூப்பிடலாமா என்று கேட்டார். கேட்டார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அந்த மொரீசியஸ்காரியும் மரியா இல்லை. அவளும் என்னைப் போலத் திருநீறு பூசுகிற ஆள்தான், அவளுடைய உண்மையான பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிஞ்ஞோராவுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து மாடிவீட்டுக் காவல்காரருக்கும், மருந்துக்கடைப் பெண்ணுக்கும், பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவனுக்கும் நான் மரியா. ஒருமுறை பகேரியாவிலிருந்து வருகிற பேருந்தில் பின்னால் இருந்த கிழவி ஒருத்தி "மரியா!" என்று கத்தினாள். முன்னால் நின்ற தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தோம். கிழவி கூப்பிட்டது தன் பேத்தியை. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என் சொந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் பேர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனால் அது இன்னொரு கூத்து. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான் நம் பெயருக்கு முன்னால் நிற்கும். அதை இவர்கள் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள், கலியாணம் கட்டிய பிறகும் இங்கே அது மாறாது. வரிசையில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் எழும்பிப் போவேன். வேலை வீட்டில் மரியா, குவெஸ்தூராவில் என் அப்பா. என் சொந்தப் பெயரை இந்த ஊரில் முழுதாகச் சொல்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர், அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

ஆகவே தங்கையின் வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்த நாளிலேயே நான் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன். இந்தப் பிள்ளையை ஒருத்தரும் மரியா ஆக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, இத்தாலிக்காரரின் வாயிலும் எங்கள் ஆட்களின் வாயிலும் ஒரே மாதிரி நுழைகிற பெயர். நிலா, லீலா, மீரா என்று சின்னதாக மூன்றைத் தேர்ந்தெடுத்து, மீன்காரனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லிப் பரீட்சையும் வைத்திருந்தேன். மூன்றிலும் பாஸ். தங்கையைச் சின்ன வயதில் இங்கே கூட்டிவந்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஆளாக்கியது நான். அவளுடைய பிள்ளை எனக்குப் பெறாமகள். இத்தாலி மொழியில் அண்ணன் தம்பி பெற்ற மருமகளுக்கும் பேத்திக்கும் பெறாமகளுக்கும் சேர்த்து நிப்போத்தே என்று ஒரே சொல்தான், அதனால் எனக்குள்ள உரிமையை இந்த ஊர் ஆட்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. தங்கைக்கு விளங்கவேண்டும்.

அவளுடைய கணவர் மெக்சிக்கோக்காரர், வியா மக்வேதாத் தெருவில் உள்ள ஒரு மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். அங்கே அவள் காசுப்பெட்டியில் நின்றாள், அப்படித்தான் பழக்கம். நல்ல மனிதர். என்ன சொன்னாலும் முதலில் "ஓம் அக்கா" என்பார், பிறகு தான் நினைத்ததைச் செய்வார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை அந்த இரண்டு சொல்லும், "உறைப்பு" என்ற இன்னொன்றும்தான். மீதியெல்லாம் இத்தாலி மொழியில் கதைப்போம்.

பின்னேரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே குழப்பத்தை அப்பா தொடக்கி வைத்திருந்தார். அப்பா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பிள்ளை பிறந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று ஐயரோடு வாக்குவாதப்பட்டு, கடைசியில் அச்சுவினி நட்சத்திரம் என்று முடிவுகட்டி, பெயர் தொடங்க வேண்டிய எழுத்துகளைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சு, சே, சோ, ல. கைபேசியில் தமிழில் எழுத அவருக்கு வராது, ஆங்கில எழுத்தில் அனுப்பினார். எஸ் போட்டு எழுதியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. மனிதர் சீயும் எச்சும் சேர்த்துப் போட்டுவிட்டார். எங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை, சகரத்தை எந்த எழுத்தில் எழுதினாலும் வாய் தன்பாட்டில் சரியாக வாசித்துக்கொள்ளும்.

ஆனால் தங்கை படித்தது பலேர்மோப் பள்ளிக்கூடத்தில். இத்தாலிக்காரருக்குச் சீயும் எச்சும் சேர்ந்தால் ககரம். அவள் கு, கே, கோ என்று வாசித்தாள். மாப்பிள்ளைக்கு, அவருடைய ஸ்பானிய மொழியில், அதே எழுத்து அழுத்தமான ச்ச. அவர் ச்சு, ச்சே, ச்சோ என்று வாசித்தார். ஒரே செய்தியை ஒரே சோபாவில் இருந்து வாசித்த புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு எழுத்தில் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர் என்ன வாசித்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு எழுத்தைப் பற்றி அப்போது கவலையே இல்லை.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை தொடங்கிவிட்டாள்.

"கோன்சுவேலோ. எப்பிடி இருக்கு?"

"அப்பிடியெண்டால்?"

"ஆறுதல்."

"ஆறுதல் பரிசு கேள்விப்பட்டிருக்கிறன். பிள்ளை என்ன, ஓடித் தோத்துப் போய் வந்ததே?"

மாப்பிள்ளை குசினியிலிருந்து தலையை நீட்டினார். "அக்கா, ச்சோலே என்றால்? என் சித்தியின் பெயர். முழுப் பெயர் சொலேதாத், வீட்டில் ச்சோலே."

அதன் அர்த்தம் என்னவென்று கேட்டேன். தனிமை என்றார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். கண் திறக்காத பிள்ளைக்குத் தனிமை என்று பெயர் வைக்க ஒருத்தருக்கு எப்படி மனம் வரும்? அவர் அசையவில்லை. இன்னும் இருக்கிறது என்று, அப்பாவின் எழுத்தையும் மறந்து, உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். தொலோரெஸ் என்றால் வேதனைகள். அது எனக்கே தெரியும், சிஞ்ஞோராவின் முழங்கால் மாத்திரைப் பெட்டியில் இருக்கிற சொல்தான். சொக்கோர்ரோ என்றால் உதவி. இத்தாலியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போட்டிருக்கிற பெயர்ப் பலகை கிட்டத்தட்ட அதேதான். "பிள்ளையைக் கூப்பிட்டால் அம்புலன்ஸ் வந்து நிற்கும்" என்றேன். நயெலி என்று ஒரு பெயராம், அங்கே பழைய குடிகளின் மொழி ஒன்றில் "உன்னை நேசிக்கிறேன்" என்று அர்த்தமாம். வகுப்பில் வாத்தியார் இடாப்புக் கூப்பிடும்போது நிலைமை என்னவாகும் என்று இந்த மனிதர்கள் யோசிக்கவே மாட்டார்களா?

"அக்கா, எங்கள் ஊரில் குவாதலூப்பே என்று பெயர் இல்லாத வீடே இல்லை" என்றார். அது அங்கே உள்ள பெரிய மாதாவின் பெயர். அந்தச் சொல்லின் முன்பாதி ஆற்றைக் குறிக்கிற அரபுச் சொல்லாம், அரபுக்காரர் ஸ்பெயினில் ஒரு ஆற்றுக்கு வைத்தது, பிறகு கப்பலேறி மெக்சிக்கோவுக்குப் போனதாம். பின்பாதிக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். வீட்டில் லூப்பே என்று சுருக்குவார்களாம். லூப்போ என்றால் இந்த ஊரில் ஓநாய் என்று நான் சொன்னேன். "ஓம் அக்கா" என்றார்.

எனக்குத் தலை வலித்தது. ஏன் எல்லாம் இப்படி வேதனை, தனிமை, ஆறுதல் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரிப் பெயர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன காரணம் இது. ஸ்பானியப் பாதிரிகள் வந்த பிறகு பெண்பிள்ளைகளுக்கெல்லாம் மரியா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் மூன்று மரியா இருந்தால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாதே, அதனால் மாதாவுக்கு உள்ள பட்டங்களைப் பின்னால் ஒட்டினார்கள். வேதனைகளின் மரியா, தனிமையின் மரியா, ஆறுதலின் மரியா. போகப் போக மரியா கழன்றுபோய் வால் மட்டும் பெயராக மிஞ்சியது.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களிடையே வியாகுலம், சகாயம் என்று பெயர்கள் இருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வேதனை மாதா, உதவி மாதா, எல்லாம் அதே ஆட்கள்தான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் பக்கம் பலமாகிவிடும்.

அடுத்த நாள் வேலைக்குப் போனால் சிஞ்ஞோராவுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. "பலேர்மோவில் பிறந்த பெண், ரோசாலியா என்று வையுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். இந்த நகரத்தின் காவல் புனிதை, எங்கள் ஊர்ச் சனமும் நேர்த்தி வைத்து மலையேறிக் கும்பிடுகிறவர்தான், எனக்கு அவரோடு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு பேர், பஞ்சாங்கம் பார்க்கிறவர் ஒருவர், சித்திகள், மாதாக்கள், இப்போது சிஞ்ஞோராவும். என் நிலாவையும் லீலாவையும் கேட்பார் இல்லை.

நகரசபையான கொம்யூனேயில் பெயர் பதிவதற்கான தவணை முடியப்போகிறது என்ற நிலையில் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன். சண்டை பிடித்தாவது இன்று முடிப்பது என்றுதான் போனேன். போனபோது மாப்பிள்ளை மெக்சிக்கோவில் உள்ள தன் அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை அவருக்குக் காட்டி, என்னையும் பக்கத்தில் இருத்திவிட்டார். அந்த அம்மாவுக்கு இத்தாலி மொழி தெரியாது, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது, இடையில் மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்.

அந்த அம்மாவின் பெயரே தொலோரெஸ். நான் வேதனைகள் என்று சிரித்த அதே பெயர். மாப்பிள்ளை அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது அவருடைய நல்ல குணம்.

அந்த அம்மா சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் கலண்டரைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதரின் பெயர் அச்சடித்திருக்கும், அதுதான் பிள்ளையின் பெயர். எழுத்துச் சரியாக வாசிக்கத் தெரியாத ஒருவர் கலண்டரில் இருந்த "புரட்சியின் ஆண்டு நிறைவு" என்பதையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டதாக ஒரு பகிடிக் கதை அங்கே உண்டாம், சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய தகப்பனார் கலண்டரைப் பார்க்கவில்லை. பழைய குடி ஆள், மகளுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைக்க ஆசைப்பட்டார். கோயிலில் பாதிரியார், அப்படி ஒரு புனிதை இல்லை என்று சொல்லி, வேதனைகளின் மரியா என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"பிறகு நான் தலைநகருக்கு வேலைக்குப் போனேன்" என்று அந்த அம்மா சொன்னதை மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "கிராமத்திலிருந்து வந்து தெருவில் பழம் விற்கிற, வீடுகளில் வேலை செய்கிற எங்கள் சாதிப் பெண்களை அங்கே ஒருத்தரும் பெயர் கேட்க மாட்டார்கள். எல்லோரையும் மரியா..."

மாப்பிள்ளை அதோடு நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். திரையில் அந்த அம்மா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார், மொழிபெயர்க்க ஆள் இல்லை. எனக்கு விளங்காத மொழியில் மரியா, மரியா என்று இரண்டு மூன்று தரம் கேட்டது. தங்கை பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள், சரியாக இருந்த போர்வையை.

"அந்தப் பெயர் என்ன?" என்று கேட்டேன். "தகப்பனார் வைக்க நினைத்த பெயர்?"

அவர் கேட்டார். திரையில் அந்த அம்மா இரண்டு கையையும் குவித்துப் பூ மாதிரி விரித்துக் காட்டிச் சொன்னார். மாப்பிள்ளை அதைக் கைபேசியில் எழுதித் தங்கைக்குக் காட்டினார். முதலில் ஒரு எக்ஸ். அதற்குப் பிறகு மெய்யும் உயிரும் கலந்த ஒரு சிக்கல். தங்கை, இத்தாலிப் பள்ளிக்கூடத்துக்காரி, "க்சோக்கித்தல்" என்று வாசித்துத் தொண்டையைக் கனைத்தாள்.

"இல்லை" என்றார் மாப்பிள்ளை. "சோச்சில்."

"சோ!" என்று நான் கத்தியதில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. "அச்சுவினிக்குச் சோ! அப்பா அனுப்பின எழுத்தெல்லே!"

"அப்பா அனுப்பினது கோ" என்றாள் தங்கை.

"இல்லை, ச்சோ" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. இத்தனை நாளும் ஆறுதலையும் தனிமையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஓடிய ஓட்டம் எதற்காக என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்களை அப்படியே சுவரோடு சேர்த்து வைத்துத் தட்டவும் வேண்டும் போல இருந்தது. "எழுத்தை வாசிச்சனிங்கள், ஒருக்கால் வாயாலை சொல்லிப் பாக்கேல்லையே?" என்று கேட்டேன். இரண்டு பேரும் முழித்தார்கள்.

சோச்சில் என்றால் பூ. ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே அஸ்தெக்கர்கள் பேசிய நாவாத் மொழிச் சொல். அந்தக் காலத்தில் அவர்களிடம் இருபது நாள்களுக்கு இருபது அடையாளங்கள் இருந்தனவாம், முதலை, காற்று, வீடு என்று தொடங்கிக் கடைசியில் பூ. பிள்ளை பிறந்த நாளின் அடையாளத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும் பெயர் வைக்கவும் தனி ஆட்கள் இருந்தார்களாம்.

"எங்கடை ஐயர் மாதிரி" என்றாள் தங்கை. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, முடிவெடுத்துவிட்டாள்.

நான் விடவில்லை. எழுத்து சரிதான், கதையும் நல்ல கதைதான். ஆனால் எக்ஸ் போட்டு எழுதிச் சோ என்று வாசிக்கிற பெயரை இந்த ஊரில் யார் சொல்லப்போகிறார்கள்?

"பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலை விட்டு ரெண்டு கிழமை பார். மரியா எண்டுதான் கூப்பிடுவினம்."

"கூப்பிட விடமாட்டன்."

"நான் மட்டும் விட்டனானே?"

"நீ ஒருநாளும் திருத்தேல்லை அக்கா. நான் பள்ளிக்கூடத்தாலை வந்து அந்த வீட்டுக் குசினியிலை இருந்து வீட்டுப்பாடம் செய்யேக்கை கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

திருத்தியிருந்தால் வேலை போயிருக்கும். வேலை போயிருந்தால் பேர்மெஸ்ஸோ போயிருக்கும். அந்த மரியாவின் உழைப்பில்தான் இவள் புத்தகப் பையும் சப்பாத்தும் வாங்கினாள். இதைச் சொன்னால் சொல்லிக்காட்டுவது போலாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும்" என்றாள், நான் முடித்த பிறகு. "அதுதான் சொல்லுறன். இவளுக்கு அது வேண்டாம். சொல்லுறதுக்குச் சுகமான பேரை வைச்சுப்போட்டு ஒளிச்சுக்கொண்டு திரியத் தேவையில்லை. கஷ்டமான பேரெண்டால் அவை பழகட்டும்."

அப்பாவாவது தடுப்பார் என்று கைபேசியை எடுத்தேன்.

அப்பாவுக்கு எடுத்தோம். அப்பா வீடியோவில் வந்தால் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். பெயரைச் சொன்னோம்.

"என்ன சொச்சமோ?"

"சோச்சில், அப்பா. சோச்சில்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். சொச்சம். ஆயிரத்துச் சொச்சம், ரெண்டாயிரத்துச் சொச்சம். பிள்ளைக்கு வைக்கிற பேரே அது?"

பூ என்று விளங்கப்படுத்தினோம். அப்படியென்றால் மலர் என்று வைக்கலாமே என்றார். எழுத்து நீங்கள் தந்த எழுத்துத்தான் என்று தங்கை மடக்கினாள். பிறகு மாப்பிள்ளை இன்னொன்றைச் சொல்லச் சொன்னார். அவர்கள் ஊர் வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பனின் குடும்பப் பெயரும் வரும், அதன் பின்னால் தாயின் குடும்பப் பெயரும் வரும். இத்தாலியிலும் இப்போது அப்படிப் பதியலாம். தாயின் குடும்பப் பெயர் என்று தங்கையின் கடவுச்சீட்டில் இருப்பது எங்கள் அப்பாவின் பெயர். ஆகவே சோச்சிலின் பெயருக்குக் கடைசியில் அப்பாவின் பெயர் நிற்கும்.

"என்ர பேரோ?" என்றார் அப்பா. "எங்கடை பக்கம் பொம்பிளைப் பிள்ளையள் கலியாணம் கட்டினால் தேப்பன்ர பேர் போயிடுமெல்லே."

"அவையின்ரை ஊரிலை போகாதாம், அப்பா."

கைபேசி ஆடியது. முதல் தடவையாக அப்பாவின் முழு முகமும் தெரிந்தது. "சரி, சரி. வையுங்கோ" என்றார். "நான் பழகுறன். சொச்... சோச்சில்."

மறுநாள் கொம்யூனேயில் பதிவு. நானும் லீவு கேட்டுக்கொண்டு கூடப் போனேன், என்ன ஆகிறது என்று பார்க்க. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் பெயரைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எதிர்பார்த்த அதே "கடவுளே!" அவர் வாயிலிருந்து வந்தது. எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம். நான் சொன்னேனே என்று தங்கையின் பக்கம் திரும்பினேன். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுத்தமான பலேர்மோ இழுவையில், "எக்ஸை மறந்துவிடுங்கள், என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்" என்றாள். அவர் சொன்னார். "அப்படி இல்லை." திரும்பச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற கிழவர் ஒருவரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தார். சரியாக வரும்வரை அவள் நகரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறிவிட்டாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் சிஞ்ஞோரா கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பிடித்துவிட்டது என்று சொல்லி மாளாது. எங்கே, எந்த மொழி, அஸ்தெக்கா, பூவா, இன்னொருமுறை சொல் என்று பின்னாலேயே வந்தார். காலை காப்பி குடிக்கும்போது சொல்லிப் பார்த்தார், மாத்திரை போடும்போது சொல்லிப் பார்த்தார். மதியத்துக்குள் நாக்கு நன்றாக வளைந்துவிட்டது. அப்பாவைவிட நன்றாகச் சொன்னார், பொய் சொல்லக் கூடாது.

பின்னேரம் நான் வரவேற்பறையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா சாய்கதிரையில் இருந்து தன் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தார். காது மந்தம், எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பார்.

"சோச்சில்!" என்று ஒவ்வொரு எழுத்தாக ருசித்துச் சொன்னார். "அஸ்தெக்கா மொழியில் பூ என்று அர்த்தமாம். என்ன அழகு, பார்த்தாயா? என் மரியாவின் நிப்போத்தே."

நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"சிஞ்ஞோரா" என்றேன். "என் பெயர் மரியா இல்லை."

அவர் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, அது இன்னும் மோசம். "அது தெரியும், கண்ணே. ஆனால் உன்னுடையது கஷ்டமல்லவா?"

"சோச்சில் கஷ்டமில்லையா?"

நான் என் பெயரைச் சொன்னேன். முதல் நாள் சொன்ன மாதிரித் தயங்கியோ மெதுவாகவோ இல்லை, எங்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே சொன்னேன். அவர் உதட்டை அசைத்தார். முன்பாதி வந்தது. பின்பாதியில் ஒரு ழகரம் இருக்கிறது, அதில் தடக்கி விழுந்தார். "பார்த்தாயா?" என்று கையை விரித்தார்.

"இன்னொருமுறை" என்றேன்.

மேசையில் இருந்த தொலைபேசியிலிருந்து சிநேகிதியின் குரல் கேட்டது. "ஹலோ? அங்கே யார்? யாரோடு கதைக்கிறாய்?"

"ஒருத்தரும் இல்லை, இது..." என்று சிஞ்ஞோரா குனிந்து வாயைத் திறந்தார். மரியாவின் மகரத்துக்கு உதடு இரண்டும் ஒட்டிவிட்டன. ஒட்டிய இடத்தில் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார்.

"யார்?" என்று சிநேகிதி திரும்பவும் கேட்டாள்.

நான் என் பெயரை எடுத்துக் கொடுக்கவில்லை. குழாயை நிலத்தில் வைத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நின்றேன்.